அவன் பார்க்கும் இடத்திலிருந்து தொடங்கு

அன்புத் தங்கைக்கு,

ஸ்பீச் தெரபி படித்து முடித்து, ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலையைத் தொடங்கியிருக்கிறாய். "எப்பத்தான் மேடம் பேசுவான்?" என்று இதற்குள் ஒரு தாயாவது உன்னிடம் கேட்டிருப்பார். தேதி குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதற்காகக் கையை விரித்துவிடாதே. 4 வயதில் பேச்சே இல்லாமலோ, சில சொற்களோடு நின்றோ இருந்த, ஆட்டிசம் உள்ள 535 குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 70 விழுக்காட்டினர் பிறகு சொற்களைச் சேர்த்துப் பேசினார்கள். 47 விழுக்காட்டினர் சரளமாகவே பேசினார்கள். நாலு வயதைத் தாண்டியதும் கதவு மூடிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதே.

அதுவரை நாம் எதைச் செய்வது? எனக்கு இதில் வழிகாட்டி மரியன் சிக்மன். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வளர்ச்சி உளவியலாளர். அவரைப் படிக்கும் முன் ஒரு சோதனையைத் தெரிந்துகொள். சைமன் பேரன்-கோஹனும் டேர் பால்ட்வினும் இன்னொருவரோடு சேர்ந்து 1997-இல் வெளியிட்டது. குழந்தையின் கையில் பெயர் தெரியாத ஒரு பொம்மை. அது அதில் மூழ்கியிருக்கும்போது, பெரியவர் வேறொரு பொம்மையைப் பார்த்தபடி ஒரு புதுப் பெயரைச் சொல்கிறார். ஆட்டிசம் இல்லாத குழந்தைகள் நிமிர்ந்து, பெரியவரின் கண் போகும் திசையைப் பார்த்து, பெயர் எதற்கு உரியது என்று பெரும்பாலும் சரியாகக் கண்டுகொள்வார்கள். ஒன்றரை வயதை ஒட்டியே இது கைவந்துவிடும் என்று பால்ட்வின் முன்பே காட்டியிருந்தார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலரோ அந்தப் பெயரைத் தங்கள் கையிலிருந்த பொம்மைக்கே வைத்துவிட்டார்கள்.

நம் அறையில் தினமும் நடப்பதை இதோடு வைத்துப் பார். பையன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். முகவாயைப் பிடித்துத் திருப்பி, அட்டையை நீட்டி, "ஆப்பிள்... சொல்லு, ஆப்பிள்" என்கிறோம். சொல் அவன் காதில் விழுகிறது. மனம் இன்னும் விசிறியில்தான் இருக்கிறது. அந்த நொடியில் அவனுக்குப் பயன்படக்கூடிய சொல் விசிறிதான், சுத்துது என்பதுதான்.

சிக்மனும் மைக்கேல் சில்லரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பெற்றோரிடம் பார்த்தது. குழந்தையோடு அவர்கள் விளையாடுவதைப் படம்பிடித்து, நொடி நொடியாக ஆராய்ந்தார்கள். குழந்தை ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருப்பதைப் பற்றி அதிகம் பேசிய பெற்றோரின் பிள்ளைகள், 1, 10, 16 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் மொழியில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அதுதான் காரணம் என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 16 ஆண்டுகள் நீளும் ஒரு தொடர்பை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் இந்தத் திறனில் மற்றப் பெற்றோருக்குக் குறைந்தவர்கள் அல்லர். தாயின் பாசக்குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் எழுதி எத்தனையோ தாய்மார்களை வதைத்தார்கள். நம் ஊரில் அந்தப் பழியை இன்றும் மாமியாரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்வரை சுமத்துகிறார்கள். உன் அறைக்குள் அது நுழையக் கூடாது.

அதே பல்கலைக்கழகத்தில் கோனி கசாரி 2006-இல் ஒரு படி மேலே போனார். 3, 4 வயதுக் குழந்தைகள் 58 பேர். ஒரு பிரிவினருக்கு ஒரே பொருளில் பெரியவரோடு கவனத்தைப் பகிர்ந்துகொள்வதிலும், இன்னொரு பிரிவினருக்குப் பாவனை விளையாட்டிலும் நாளுக்கு 30 நிமிடம், 5, 6 வாரங்கள் பயிற்சி. ஓராண்டு கழித்து, இந்தப் பயிற்சி பெறாதவர்களைவிட இரு பிரிவினரின் பேச்சும் அதிகம் வளர்ந்திருந்தது.

ஆகவே தரையில் உட்கார். அவன் காரைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றினால் நீயும் ஒரு காரைக் கவிழ்த்துக்கொள். "சுத்துது... சுத்துது... நின்னுடுச்சு!" அத்தோடு வாயை மூடிக்கொண்டு காத்திரு. சக்கரத்தையும் உன்னையும் அவன் மாறிமாறி ஒருமுறை பார்த்தால், அதுதான் கவனத்தைப் பகிர்வது; ஃபைலில் எழுது. "என்னைப் பாரு" என்று அதட்டி வாங்குகிற பார்வைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக ஒன்று. "குழம்பிடுவான், வீட்டில இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்ற அறிவுரையைக் கேட்டுவிட்டுப் பெற்றோர் பலர் உன்னிடம் வருவார்கள். ஹாம்ப்ளியும் ஃபோம்போனும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இரு மொழிகள் கேட்டு வளர்ந்த ஆட்டிசக் குழந்தைகள் அதனால் கூடுதலாகப் பின்தங்கவில்லை. யோசித்துப் பார்: பிள்ளை கையில் எடுப்பதையெல்லாம் பின்தொடர்ந்து பேச, தடையில்லாமல் வாயில் வரும் மொழி அல்லவா வேண்டும்? இங்கிலீஷில் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் அதற்குள் அவனைத் தவறவிட்டிருப்பார். நீ எழுதிக்கொடுக்கும் வீட்டுப் பயிற்சியிலிருந்து சொற்பட்டியலை எடுத்துவிடு. தினமும் பத்து நிமிடம், அவன் எதை எடுத்தாலும் அதைப் பற்றித் தாய் தமிழில் பேசட்டும். கூச்சப்பட்டால், அடுத்த செஷனில் அவரையும் தரையில் உட்காரவைத்து நீயே செய்து காட்டு.

அன்புடன்,
அக்கா