தலைக்கு மேல் நிலையில் மூலை ஒட்டு: நுட்பமும் பாதுகாப்பும்



செங்கோணமாகச் சந்திக்கும் இரு தகடுகளின் மூலையை நிரப்பி இடப்படும், முக்கோண வெட்டுமுகமுடைய வெல்டிங் ஒட்டே மூலை ஒட்டு (பிலட்) ஆகும். மூட்டுக்குக் கீழிருந்து மேல்நோக்கி இதனை இடுவது தலைக்கு மேல் நிலை எனப்படும். அமெரிக்கக் குறியீட்டு முறையில் இது 4எஃப் ஆகும்.

இப்பகுதி வினாக்களுக்கு விடையளிக்கும் பலர் "மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும்", "தோல் அங்கி அணிய வேண்டும்" எனப் பட்டியலிட்டு நிறுத்திவிடுகின்றனர். காரணம் எழுதாத விடை முழு விடையாகாது. இங்கு எல்லாவற்றுக்கும் அடிப்படைக் காரணம் புவியீர்ப்பு ஆகும். உருகிய உலோகம், தீப்பொறி, கசடு ஆகிய மூன்றும் கீழே, உங்களை நோக்கியே விழும்.

அ. நுட்பம்

1. உருகிய உலோகக் குட்டை சிறிதாக இருத்தல் வேண்டும். சிறிய குட்டையை மேற்பரப்பிழுவிசை தாங்கும். அது விரைவில் உறையும். பெரிதானால் தொங்கித் துளியாக விழும்.

2. எனவே மின்னோட்டத்தைக் கிடைநிலையிலும் சற்றுக் குறைக்க வேண்டும். மிகக் குறைத்தால் மூலையின் அடிப்பகுதி உருகாது. வெளியே அழகாகத் தெரிந்தாலும் ஒட்டு பலவீனமானது.

3. வில்லின் நீளம் மின்வாய்க் கம்பியின் விட்டத்தை விஞ்சலாகாது. 3.2 மி.மீ. மின்வாயெனில் ஏறத்தாழ 3 மி.மீ. போதும். நீண்ட வில் சிதறலைக் கூட்டும்.

4. மின்வாய் தகடுகளுக்கு இடையில் ஏறத்தாழ 45 பாகையிலும், அதன் பிடிப்பக்கம் செல்லும் திசைக்கு 5 – 15 பாகை சாய்ந்தும் இருக்கட்டும்.

5. அகலமாக ஆட்டாமல் ஒடுங்கிய வரிகளாக ஒட்டுக. பெரிய ஒட்டுக்குப் பல வரிகள் இடுக. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் கசட்டை நீக்குக.

ஆ. பாதுகாப்பு

1. குட்டைக்கு நேர் கீழே நில்லாது, ஒரு பக்கமாக நிற்க.

2. தோல் அங்கி, தலையுறை, நீண்ட கையுறை, காதுக் காப்பு அணிக. கழுத்துப்பட்டி மூடியிருக்க வேண்டும். காற்சட்டை சப்பாத்துக்கு வெளியே விழ வேண்டும். திறந்த சட்டைப்பையில் தீப்பொறி தங்கும்.

3. முகக்கவசத்தினுள்ளே நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடியும் அணிக. வில்லை அணைத்து, கவசத்தை உயர்த்திக் கசட்டைத் தட்டும்போது சூடான துண்டுகள் கண்ணில் விழலாம்.

4. வியர்வையில் நனைந்த கையுறையை மாற்றுக, மின்னதிர்ச்சி ஏற்படலாம். மின்வடத்தை உடலில் சுற்றலாகாது.

5. உறுதியான மேடையில் நிற்க. கீழே ஆட்களோ எரியும் பொருட்களோ இருக்கலாகாது.

மாதிரி வினா: 6 மி.மீ. கால் நீளமுள்ள சம கால் மூலை ஒட்டின் கழுத்துத் தடிப்பு யாது?

விடை: 0.7 × 6 = 4.2 மி.மீ.

மாணவர்களே, பாதுகாப்புப் பகுதியை மனனம் செய்வதோடு நிறுத்திவிடாதீர்கள். விடைத்தாளில் மறந்தால் சில புள்ளிகளே போகும். பட்டறையில் மறந்தால் கண்ணே போகலாம்.