கடந்தைக் கூடு: அணுகுமுன் அறிய வேண்டியவை

பனையும் உடைமரமும் நிறைந்த தூத்துக்குடிக் கடற்கரையில் குளவிக் கூடு புதிய காட்சியன்று. பனைமட்டைகளுக்கிடையிலும், விடிலியின் கூரையிலும், வலை வைக்கும் கொட்டகையிலும், வீட்டுச் சன்னல் மேலும் அவை கூடு கட்டுகின்றன. எனினும் எல்லாக் கூடுகளும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. எதை விட்டுவிடலாம், எதை அணுகவே கூடாது, கொட்டிவிட்டால் என்ன செய்வது ஆகிய மூன்றையும் இங்கே விளக்குகிறோம்.

மூவகைக் கூடுகள்

சுவரில் மண்ணால் கட்டப்பட்டிருப்பது மண்குளவியின் கூடு. இது தனித்து வாழ்வது. திரண்டு வந்து தாக்குவதில்லை. புழுவைக் கொட்டிக் கொட்டியே அது குளவியாக்குகிறது என்று முன்னோர் கருதினர். உண்மையில், கொட்டிச் செயலிழக்கச் செய்த புழுவையோ சிலந்தியையோ அது தன் குஞ்சுக்கு உணவாக உள்ளே வைக்கிறது. குளவி இல்லாத வேளையில் இக்கூட்டைச் சுரண்டி எடுத்துவிடலாம்.

அறைகள் வெளியே தெரியுமாறு காம்பில் தொங்குவது சிறு குளவிகளின் காகிதக் கூடு. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இருந்தால் விட்டுவிடுவதே நன்று.

மூன்றாவது, நாம் கடந்தை என்றும் தஞ்சைப் பகுதியினர் கதண்டு என்றும் சொல்லும் பெருங்குளவி. அதன் கூடு பானைபோல் மூடியிருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கில் வாழும். கூட்டருகே ஒன்றை அடித்துக் கொன்றால், அதிலிருந்து எழும் வாடை மற்றவற்றையும் தாக்க அழைக்கும். ஆகவே கல்லெறிதல், தீப்பந்தம் காட்டுதல், பெட்ரோல் ஊற்றுதல், பொந்தை அடைத்தல் ஆகியவற்றை எவரும் செய்யலாகாது. பிள்ளைகளையும் கால்நடைகளையும் அப்பால் அழைத்துச் சென்று, 101 அல்லது 112 எண்ணில் தீயணைப்புத் துறையினரை அழையுங்கள். கூடு இருக்கும் மரத்தையும் உயரத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

கொட்டிவிட்டால்

முகத்தை மூடிக்கொண்டு விரைந்து விலகி, கதவுள்ள அறைக்குள் செல்லுங்கள். கொட்டிய இடத்தைச் சோப்பு நீரால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். வீக்கம் ஏறுமுன் மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் பூச வேண்டா.

பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்: உடலெங்கும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், குரல் கம்மல், மூச்சுத் திணறல், மயக்கம், தொடர் வாந்தி. நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து அமரச் செய்யுங்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே இதற்கு முதல் மருந்து. தேறிய பின்னும் சில மணி நேரத்தில் அறிகுறிகள் திரும்பக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும்வரை வீடு திரும்பலாகாது.

இந்த ஒவ்வாமை அதிர்ச்சி கண்டறியப்பட்ட வரலாறு கடலோடு தொடர்புடையது. 1901-இல் பிரெஞ்சு மருத்துவ அறிஞர்கள் சார்லஸ் ரிஷேவும் பால் போர்ட்டியரும் கப்பலில் சென்று, சொறிமீனைப் போன்றதொரு கடலுயிரின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். முதல்முறை சிறிதளவு நஞ்சைத் தாங்கிய விலங்கு, சில வாரங்களுக்குப் பின் அதே நஞ்சைச் சிறிதளவு பெற்றபோது இறந்ததைப் பின்னர் கண்டனர். இதற்காக ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார். “முன்பும் கொட்டியதுண்டு, ஒன்றும் ஆகவில்லை” என்று வாளாவிருத்தல் ஏன் தவறு என்பதை இதனால் உணரலாம்.

பல கடந்தைகள் கொட்டியிருந்தால், ஒவ்வாமை இல்லாவிடினும் நஞ்சே தசைகளையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். அடுத்த சில நாள்களில் சிறுநீர் குறைந்தாலோ, கறுத்துப் போனாலோ தாமதியாது வாருங்கள். வாயினுள்ளோ தொண்டையிலோ கொட்டினால், ஒரே கொட்டாயினும் வர வேண்டும்.

பராமரிப்போர்க்கு

இதயத்திற்கும் இரத்த அழுத்தத்திற்கும் அட்டினலால், மெட்டோப்ரலால் போன்ற மாத்திரை உண்போரிடம் அட்ரினலின் முழுப்பயன் தராமல் போகலாம். அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. எந்த மாத்திரை என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டின் நகலை வீட்டில் எவரும் எடுக்கத்தக்க இடத்தில் இன்றே வையுங்கள். மூச்சுத் திணறும் வேளையில் நோயாளியால் பேச இயலாது; அவருக்காகப் பேச வேண்டியவர் நீங்களே.