கடிகாரத்துக்குள் ஓடும் பெருக்கல்

அன்புத் தம்பிக்கு,

விகிதமுறு எண்களின் பெருக்கல் பண்புகளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். அவை நம் ஓசூரிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன, பார்த்துப் புரிந்துகொள்.

டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், நம் சிப்காட் தொழிற்பேட்டையில் கைக்கடிகாரம் செய்கிறது. முள் வைத்த வழக்கமான கடிகாரத்தில் நிமிட முள் 12 சுற்று சுற்றும்போது மணி முள் ஒரு சுற்றுதான் சுற்ற வேண்டும். அதற்கு வழி பற்சக்கரம்.

நிமிட முள்ளின் அச்சில் 15 பல் சக்கரம் இருப்பதாக வைத்துக்கொள். அது 45 பல் சக்கரத்தைத் தள்ளுகிறது. பெரியது மூன்றில் ஒரு பங்குதான் சுற்றும், அதுவும் எதிர்த்திசையில். எனவே அதன் எண் −1/3. அந்த 45 பல் சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும் 12 பல் சக்கரம் 48 பல் சக்கரத்தைத் தள்ளுகிறது: −1/4. அந்த 48 பல் சக்கரத்தில்தான் மணி முள் இருக்கிறது.

(−1/3) × (−1/4) = 1/12.

குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்று கேட்பாயே, இதோ காரணம்: திசை இரண்டு முறை மாறினால் பழைய திசையே திரும்பும்.

சக்கர ஜோடிகளை இடம் மாற்றி வைத்தாலும் 1/12தான். அது பரிமாற்றுப் பண்பு. மூன்று ஜோடி இருந்தால் எந்த அடுத்தடுத்த இரண்டை முதலில் பெருக்கினாலும் விடை ஒன்றே. அது சேர்ப்புப் பண்பு. அரைப் பல் கொண்ட சக்கரம் கிடையாது. பற்கள் முழு எண்கள் என்பதால், எத்தனை ஜோடி கோத்தாலும் விகிதமுறு எண்ணே கிடைக்கும். √2 ஒருபோதும் வராது. அதுவே அடைவுப் பண்பு.

குவார்ட்ஸ் கடிகாரத்தில் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மின்சுற்று அதை 15 முறை பாதியாக்குகிறது, அதாவது 1/32,768ஆல் பெருக்குகிறது. 32,768 × 1/32,768 = 1; நொடிக்கு ஒரு துடிப்பு. ஓர் எண்ணும் அதன் பெருக்கல் நேர்மாறும் சேர்ந்து பெருக்கல் சமனியான 1ஐத் தருகின்றன.

பூச்சியத்துக்கு மட்டும் நேர்மாறு இல்லை. பற்கள் விலகிவிட்டால் விகிதம் 0. இங்கே எவ்வளவு சுற்றினாலும் அங்கே அசைவில்லை. அங்கே பார்த்து இங்கே நடந்ததைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இனி உன் முறை. நொடி முள்ளிலிருந்து நிமிட முள்ளுக்கு 1/60 வேண்டும்; இரண்டும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். எத்தனை ஜோடி, எத்தனை பற்கள் வைப்பாய்? கணக்குப் போட்டு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்