பெற்றோருக்கு ஒரு நிலவறை இல்லம்

கேள்வி: ஸ்காபரோவில் 1950களில் கட்டப்பட்ட ஒரு பங்களா வீட்டில் வசிக்கிறோம். என் அப்பாவும் (வயது 74) அம்மாவும் (வயது 69) யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு நிரந்தரமாகத் தங்க வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. பேஸ்மென்டை அவர்களுக்கென்று தனி வீடாக்க எண்ணியுள்ளோம். சமையலறை, குளியலறை, தரைக்கு மாபிள் என்று கொன்ட்ராக்டர் கணக்குத் தந்திருக்கிறார். எந்த வேலையில் தொடங்குவது முறை?
— வாசகி ஒருவர், ஸ்காபரோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

1983ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் ஊரைவிட்டுப் புறப்பட்டு ரொறன்ரோவை வந்தடைந்த நம்மவரில் எத்தனையோ பேருக்கு, இந்தத் தேசத்தில் முதன்முதல் கிடைத்த முகவரி யாரோ ஒருவருடைய வீட்டின் பேஸ்மென்ட் என்பதை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும், பகலை வேலைத்தலத்தில் கழித்துவிட்டு உறங்குவதற்கு மட்டும் திரும்பிய வாலிபருக்குப் போதியதாக இருந்த அவ்விடம், மாரிகாலம் முழுவதையும் அதனுள்ளேயே கழிக்கப்போகும் முதியவர்களுக்கு எவ்வாற்றானும் போதாது. ஆகையால், கொன்ட்ராக்டர் தந்த கணக்கைச் சற்றே ஒதுக்கி வைத்து, நீர், யன்னல், படி ஆகிய மூன்றையும் முதலில் கவனியுங்கள் என்பதே என் அபிப்பிராயம். மாபிள் பின்னர் வரட்டும்.

2013 யூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவான அன்று, நிலத்தடிக் குழாய்கள் கொள்ளாது, கழிவுநீர் எதிர்த்திசையில் ஏறிப் பல வீடுகளின் பேஸ்மென்ட் தரைத்துவாரங்கள் வழியே பொங்கி வந்தது. அவ்வாறு திரும்பி வரும் நீரைத் தானே மூடித் தடுக்கும் வால்வு ஒன்றையும், அத்திவாரத்தைச் சுற்றிச் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் ஒன்றையும் பொருத்துவதற்கு ரொறன்ரோ நகரசபை மானியமும் அளிக்கிறது. சுவரை மூடுமுன் நீங்களே ஒரு பரீட்சை செய்து பாருங்கள்: இரண்டடிச் சதுரமான பிளாஸ்ரிக் தாளொன்றைச் சீமெந்துத் தரையில் நாற்புறமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைத்து, எடுக்கும்போது அதன் அடியில் நீர்த்துளி பூத்திருந்தால், ஈரம் தரையினூடே ஏறுகிறது என்று அறியலாம், அதைத் தீர்க்காமல் மேலே எதைப் பதித்தாலும் பூஞ்சணம் பிடிக்கும்.

நீரைப் போலவே மண்ணிலிருந்து கசிந்து நிலவறையில் தேங்கும் ரேடன் என்ற வாயு, புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது. கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படாதது. மாரிகாலத்தில் குறைந்தது மூன்று மாதம் அளவுக்கருவியை வைத்துப் பார்த்து, கன மீற்றருக்கு 200 பெக்கரலுக்கு மேற்பட்டால் பரிகாரம் செய்ய வேண்டும் என்பது கனடியச் சுகாதாரத் திணைக்களத்தின் வழிகாட்டல்.

இனி, பிரதானமான யன்னல். அக்காலத்துப் பங்களாக்களின் பேஸ்மென்டில் உட்கூரையோரமாக இருக்கும் ஒடுங்கிய யன்னல்கள், ஆபத்து வேளையில் ஆள் வெளியேறுவதற்கு உதவா. படுக்கையறை உள்ள தளத்திலிருந்து நேரே வெளியே செல்லும் கதவு இல்லையாயின், எந்தக் கருவியுமின்றி உள்ளிருந்தே திறக்கக்கூடிய யன்னல் ஒன்றாவது, 0.35 சதுர மீற்றர் திறப்பும், எப்பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாத அளவும் கொண்டிருக்க வேண்டும் என்று ஒன்ராறியோக் கட்டட விதி கூறுகிறது. ஒரு பக்கத்தை 38 சென்ரிமீற்றராக வைத்தால் மறுபக்கம் ஏறத்தாழ 92 ஆக வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் அதன் பருமன் விளங்கும். யன்னல் வெளியே குழிக்குள் திறக்குமாயின், அதன் முன்னே 550 மில்லிமீற்றர் வெளி வேண்டும். குழியில் மழைநீர் வடியும் வழியும், மாரியில் பனியை அள்ளும் ஆளும் வேண்டும். அத்திவாரச் சுவரை வெட்டும் இவ்வேலையை நகரசபையின் அனுமதியின்றித் தொடங்கலாகாது. செலவு பெரிதுதான், எனினும் டிசெம்பரில் ஒன்பது மணி நேரமே பகல் நிலவும் இவ்வூரில், உயிர் காக்கும் அந்தத் திறப்பே சூரியப் பிரகாசத்துக்கும் வாசலாகிறது. அதைப் பெற்றோரின் படுக்கையறையிலேயே அமையுங்கள்.

அடுத்தது படி. பக்கவாசலைத் திறந்தவுடன் மேலே சமையலறைக்குச் சில படிகளும் கீழே பேஸ்மென்டுக்குப் பல படிகளுமாகப் பிரியும் சிறு மேடை, ஈரச் சப்பாத்தோடு வருவோர் சறுக்கும் இடம். அங்கிருந்து கீழ்வரை இரு பக்கமும் கைப்பிடியும், மேலும் கீழும் மின்விளக்குச் சுவிச்சும் அவசியம். குளியலறைச் சுவரை மூடுமுன், கைப்பிடிகளைத் தாங்க உள்ளே பலகை அடிக்கச் சொல்லுங்கள். கணப்புலை கீழேயே இருப்பதால், புகையையும் காபனோரொட்சைட்டையும் உணர்த்தும் எச்சரிக்கைக் கருவிகளை, கீழே ஒன்று ஒலித்தால் மேலேயும் ஒலிக்குமாறு இணைத்து வையுங்கள்.

65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடைய உறவினருக்காகத் தனி வாசல், சமையலறை, குளியலறை, படுக்கையிடம் கொண்ட இல்லம் அமைப்போருக்கு, 50,000 டொலர் வரையான செலவின்மீது மத்திய அரசு 2023 முதல் வரிச்சலுகை வழங்குகிறது. அனுமதிப் பத்திரத்தையும் பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்தி, நிபந்தனைகளைக் கணக்காளரிடம் கேட்டறியுங்கள்.

கடைசியாக ஒன்று. விதி யன்னலின் அளவைச் சொல்லுமேயன்றி, உங்கள் அம்மாவின் முழங்காலை அறியாது. ஆகவே யன்னலின் அடிவிளிம்பை இயன்றவரை தாழ்த்தி, அதன் கீழே அசையாத அகன்ற மரவாங்கு ஒன்றைச் சுவரோடு பொருத்துங்கள். அவர்கள் வந்த முதல் வாரத்திலேயே, யன்னலைத் தாங்களே திறந்து, வாங்கில் கால் வைத்து ஏறிப் பழகட்டும். மற்றைய நாள்களில், வெயிலைத் தேடி அம்மா தேநீரோடு உட்காரும் இடமும் அந்த வாங்காகவே இருக்கும்.