சொகுசு காரில் சின்ன எஞ்சின் மாட்டினா வரி குறையுமா? வாங்க, கணக்கு போட்டுப் பார்ப்போம்

நம்ம சேனல் வீடியோ ஒன்றுக்குக் கீழே திருவண்ணாமலையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்த கேள்வி இது. பெங்களூர் பதிவு போட்ட பழைய ஜெர்மன் கார் ஒன்று 12 லட்சத்துக்குக் கிடைக்குது. 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். "இதைக் கழற்றிட்டு சின்ன டீசல் எஞ்சின் மாட்டினா ரோடு டாக்ஸும் குறையும், மைலேஜும் கூடும்னு மெக்கானிக் சொல்றார். செய்யலாமா சார்?"

கேள்வி நல்ல கேள்விதான். மாதச் சம்பளத்தில் சொகுசு கார் ஆசைப்படுவது தப்பே இல்லை. ஆனா இதில் மூணு விஷயம் கலந்து கிடக்கு: வரி, எரிபொருள், சட்டம். வரியிலிருந்து ஆரம்பிப்போம், ஏன்னா பெரிய குழப்பமே அங்கதான்.

தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு வாழ்நாள் வரி எஞ்சின் அளவை வைத்துப் போடுறதில்லை. காரோட விலையை வைத்துப் போடுறாங்க. 2023 நவம்பரிலிருந்து 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதுக்கு மேலே 20%. வெளிமாநில வண்டியை இங்கே கொண்டு வந்து மாற்றினாலும் விலையும் வயசும்தான் கணக்கு. 2000 சிசி எஞ்சினைக் கழற்றி 1200 சிசி மாட்டினாலும் ஒரு ரூபாய் குறையாது.

அப்போ "சின்ன எஞ்சினுக்கு வரி கம்மி"ன்னு எல்லாரும் சொல்றது பொய்யா? பொய் இல்லை, இடம் மாறிப் போச்சு. அது ஜிஎஸ்டி. 4 மீட்டர் நீளத்துக்குள்ள இருந்து, பெட்ரோல்னா 1200 சிசி, டீசல்னா 1500 சிசி தாண்டாத காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18%. பெரிய கார்களுக்கு 40%. இது ஃபேக்டரியிலிருந்து புது வண்டியா வரும்போது ஒரே ஒரு தடவை விழுற வரி. பத்து வருஷம் கழித்து நீங்க எஞ்சினை மாற்றினா அரசாங்கம் அதைத் திருப்பித் தராது.

வரிக்காக எஞ்சினைச் சுருக்குவது கார் கம்பெனிகள் ஆடுற ஆட்டம். இத்தாலியில் ஒரு காலத்தில் 2000 சிசி தாண்டின காருக்கு வாட் 38%. அதுக்குக் கீழே ஏறக்குறைய பாதிதான். அதனால ஃபெராரியே 1980-ல் 208 ஜிடிபி என்று 1991 சிசி எஞ்சின் வைத்த கார் கொண்டு வந்தது. சக்தி 155 குதிரைத்திறன். ஃபெராரிக்கு இது போதலை. 1982-ல் டர்போ மாட்ட வேண்டியதாச்சு.

நம்ம ஊர் உதாரணம் இதைவிட சுவாரஸ்யம். திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் வழியா சென்னைக்கு பஸ்ஸில் போனா, தாம்பரத்துக்கு முன்னாடி பெருங்களத்தூர் வரும் இல்லையா? அந்தப் பக்கம்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் ஃபேக்டரி இருந்தது. 1985-ல் அவங்க ஸ்டாண்டர்ட் 2000 என்ற சொகுசு காரை இறக்கினாங்க. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கின வண்டி. பிரிட்டனில் அதுக்கு 3.5 லிட்டர் வி8 எஞ்சின் வரைக்கும் உண்டு. இங்கே இறக்குமதிக் கட்டுப்பாடு காலம். அதனால கையில் ஏற்கெனவே இருந்த, 1940-களின் வான்கார்ட் காரில் வேர் கொண்ட பழைய எஞ்சினை உள்ளே வைத்தாங்க. அதுவும் 1991 சிசி! வண்டி இழுக்கத் திணறியது, பெட்ரோலையும் குடித்தது, விலையும் அதிகம். 1988-லேயே கதை முடிஞ்சது. வடிவமைப்பாளர்களும் ஃபேக்டரியும் வைத்திருந்த கம்பெனிக்கே இந்த நிலை.

சரி, வரியை விடுங்க, எரிபொருளாவது மிச்சமாகாதா? நண்பர் மாதம் 800 கி.மீ. ஓட்டுவார்னு வைப்போம். வருஷத்துக்கு 9,600 கி.மீ. கணக்கு வசதிக்கு பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய். பழைய எஞ்சின் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்தா 960 லிட்டர், அதாவது 96,000 ரூபாய். டீசல் 15 கி.மீ. கொடுத்தா 640 லிட்டர், 58,880 ரூபாய். மிச்சம் 37,120 ரூபாய். எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், கூலி எல்லாம் சேர்த்து 3 லட்சம் ஆகுதுன்னு வைத்தா, போட்ட காசு திரும்ப எட்டு வருஷத்துக்கு மேல ஆகும். அந்த 3 லட்சத்துக்கு பேங்க் தந்திருக்கக்கூடிய வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை!

இன்னொன்னு. இந்தக் கார்களில் எஞ்சின் தனியா இல்லை. எஞ்சின் கம்ப்யூட்டர், சாவி, கியர்பாக்ஸ், ஏபிஎஸ், மீட்டர் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கிட்டே இருக்கும். நடுவில் வேற எஞ்சின் வந்தா எச்சரிக்கை விளக்குகள் கார்த்திகை தீபம் மாதிரி எரியும். சஸ்பென்ஷன், பிரேக், டயர் செலவோ சொகுசு காருக்கு உண்டானது. அது எதுவும் குறையாது.

இப்போ சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்தில் தண்டனை: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும்.

ஐயாயிரம்தானேன்னு நினைக்காதீங்க. உண்மையான அடி இன்சூரன்ஸில். சொல்லாம எஞ்சினை மாற்றின வண்டி செங்கம் ரோட்டில் மோதிடுச்சுன்னா, உங்க வண்டிக்கான க்ளைமை மறுக்க கம்பெனிக்குக் காரணம் தயாரா இருக்கும். எதிரே வந்தவருக்கு அடிபட்டு நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தாலும், அந்தத் தொகை உங்க தலையில் விடியலாம். அது உங்க பல வருஷ சம்பளம். கார் லோன் இருந்தா, வண்டியே போனாலும் இஎம்ஐ ஓடிக்கிட்டுதான் இருக்கும். 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிக்கப் போனா ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஞ்சின் நம்பரைப் பார்ப்பாங்க, அங்கேயும் மாட்டிக்குவீங்க.

அப்போ சட்டப்படி வழியே இல்லையா? இருக்கு. எஞ்சின் கெட்டுப் போச்சுன்னா அதே கம்பெனி, அதே வகை எஞ்சினை ஆர்.டி.ஓ. அனுமதியோட மாற்றி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கலாம். பெட்ரோல் காருக்கு அங்கீகரிக்கப்பட்ட சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட் பொருத்தலாம். பிஎஸ்6 வண்டிகளுக்கும் 2022-ல் வழி திறந்தாங்க. உங்க மாடலுக்கு அங்கீகாரம் இருக்கான்னு முதலில் பாருங்க, அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டும் பொருத்துங்க, பிறகு ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டிலும் பதிவு பண்ணுங்க. மாதம் 800 கி.மீ. ஓட்டுறவருக்கு இதிலும் பெரிய லாபம் வராது என்பது என் கருத்து. தினமும் செய்யாறு சிப்காட் போய் வர்றவர்னா கணக்கு மாறும்.

நண்பருக்கு என் பதில்: அந்த 2 லிட்டர் எஞ்சினோட செலவு தாங்கும்னா அப்படியே வாங்குங்க. தாங்காதுன்னா 4 மீட்டருக்குள்ள இருக்கிற நல்ல பழைய கார் ஒன்றைப் பாருங்க. 12 லட்சம் முழுசா தேவைப்படாது.

எதை வாங்கினாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி பானெட்டைத் திறந்து, எஞ்சினில் பொறித்திருக்கிற நம்பரை ஆர்.சி.யோட ஒப்பிடுங்க. முந்தைய ஓனரே இந்த வேலையைச் செய்து வைத்திருக்கலாம். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.