ஊர் கூடித் தேர் இழுப்போம்!
பிள்ளைகள் நலனுக்கு அரசின் திட்டமும் உங்கள் வீட்டுத் திட்டமும்



ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் தேரோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு பெரிய தேர்! நாலு பேர் வடம் பிடித்தால் நகருமா? ஊரே கூடி இழுத்தால்தான் நிலைக்கு வந்து சேரும். பிள்ளைகளின் நலனும் அப்படித்தான். ஒரு வடத்தை அரசு பிடித்திருக்கிறது. இன்னொரு வடம் தாய் தகப்பனாகிய உங்கள் கையில் இருக்கிறது.

அரசின் திட்டம் என்ன?

பிள்ளைகளுக்காக அரசு திட்டம் போடுவது இன்று நேற்று வந்ததல்ல. நம் விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-ல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. நாம் 'பால்வாடி' என்று சொல்லும் அங்கன்வாடி அந்தத் திட்டத்தில் நடப்பதுதான். 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15-ல் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் வந்தன.

உணவு ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று தனித்தனியாகச் செய்தால் போதாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு கொள்கை வேண்டும். 2013-ல் குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை வந்தது. 2021 நவம்பர் 20-ல் தமிழ்நாடு அரசு தனது குழந்தைகள் கொள்கையை வெளியிட்டது. 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகளே. அவர்களுக்கு முக்கியமாக வேண்டியவை நான்கு: உயிரும் உடல்நலமும், படிப்பு, பாதுகாப்பு, தங்கள் மனதில் உள்ளதைச் சொல்லும் உரிமை.

"அதான் சர்க்காரு எல்லாம் செய்யுதே, நாம என்னத்தச் செய்ய?" என்று சிலர் கேட்கிறார்கள். சிந்தித்துப் பாருங்கள். பால்வாடியில் தராசு இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் எடை பார்க்க வேண்டியது யார்? தடுப்பூசி இலவசம். தேதி தவறாமல் போட வேண்டியது யார்? ஆகவே, உங்கள் வீட்டுக்கும் ஒரு திட்டம் வேண்டும்.

முதல் படி: வயிற்றில் இருக்கும்போதே

கரு உண்டானது தெரிந்ததும், 12 வாரத்துக்குள் நர்சம்மாவிடம் பதிவு செய்யுங்கள். அரசு தரும் மகப்பேறு உதவித்தொகைக்கும் இந்தப் பதிவு வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு எல்லாம் நம் ஊரிலேயே கிடைக்கும். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும், தாய்ப்பாலோடு குழைத்த பருப்புச்சோறு, சத்துமாவுக் கஞ்சி, மசித்த பழம் கொடுங்கள். தடுப்பூசி பிறந்தவுடன், 6, 10, 14 வாரங்களில், 9 மாதம் முடிந்ததும், பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டும். கருவுற்றது முதல் இரண்டு வயது வரை உள்ள 1,000 நாட்களில் மூளையும் உடலும் வேகமாக வளர்கின்றன. அப்போது விட்டதைப் பின்னால் பிடிப்பது கடினம்.

இரண்டாம் படி: அடுத்த குழந்தைக்கு இடைவெளி

இரு குழந்தைகளுக்கு இடையே மூன்று ஆண்டு இடைவெளி இருந்தால் தாய் உடம்பு தேறும். மூத்த பிள்ளைக்கும் கவனிப்பு கிடைக்கும். காப்பர்-டி, அந்தரா ஊசி, மாத்திரை, நிரோத் என்று பல வழிகள் உண்டு. இதில் 'இது பொம்பளை சமாச்சாரம்' என்று கணவர் ஒதுங்கக் கூடாது. இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். போதும் என்று முடிவு செய்தால், ஆண்களுக்கான கருத்தடையும் எளிய சிகிச்சைதான்.

மூன்றாம் படி: பள்ளிக்கூட வயது

பிள்ளை தினமும் பள்ளிக்குப் போகட்டும். 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். பட்டாசு போன்ற ஆபத்தான தொழிலில் 18 வயது வரை சேர்க்கவே கூடாது. ராஜபாளையத்தில் மில் இருக்கிறது, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி இருக்கிறது. வேலை எங்கேயும் போய்விடாது. படிக்கிற வயசு போனால் வருமா?

நான்காம் படி: வளரும் பருவம்

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு வீட்டில் நடக்கக்கூடிய பேச்சைக் கேளுங்கள்.

"ஏங்க, எங்கண்ணன் மகனுக்குப் பொண்ணு கேக்குறாக. நகை நட்டு எதுவும் வேண்டாங்குறாக. இப்ப விட்டா இப்படி ஒரு எடம் அமையுமா?"

"மூத்தவளுக்குப் பதினாறு வயசுதான ஆகுது? அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"அவ நர்சுக்குப் படிக்கணுங்குறா. அழுதுக்கிட்டு இருக்கா."

"அப்பப் படிக்கட்டும். நாளைக்கு மச்சான்கிட்ட நானே பேசுறேன். பிரியம் இருந்தா காத்திருக்கட்டும்."

இந்தத் தகப்பன் செய்தது சரி. 18 வயதுக்குள் பிள்ளை பெறும் பெண்ணுக்கு ரத்தசோகையும் பிரசவச் சிக்கலும் வரும் அபாயம் அதிகம். குழந்தையும் எடை குறைவாகப் பிறக்கலாம். அந்தக் குழந்தை மறுபடியும் முதல் படியிலேயே தடுமாறும். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைய வேண்டும். மீறி நடத்தி வைப்பவருக்கு 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சொந்தத்துக்குள் என்றாலும் சட்டம் ஒன்றுதான்.

அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கப்பட்டது. பள்ளியிலேயே விசாரியுங்கள்.

கிராம சபையில் கேளுங்கள்

திட்டம் சென்னையிலும் டெல்லியிலும் எழுதப்படலாம். குறை எங்கே என்று உங்களுக்குத்தான் தெரியும். கிராம சபைக்கு இருவரும் போங்கள். பால்வாடித் தராசு சரியாக இருக்கிறதா? பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை உண்டா, அதில் தண்ணீர் வருகிறதா? படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? கேட்டால்தான் தீர்மானத்தில் ஏறும்.

நினைவிற் கொள்ளுங்கள்!

மாதம் ஒருமுறை எடை.
தேதி தவறாத தடுப்பூசி.
மூன்று ஆண்டு இடைவெளி.
நின்றுவிடாத படிப்பு.
18 நிறையாமல் கல்யாணம் இல்லை.

குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098-க்குப் போன் செய்யுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104. மற்ற விவரங்களுக்கு உங்கள் ஊர் நர்சம்மாவையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள்.

வடத்தை இருவரும் சேர்ந்து பிடியுங்கள். தேர் நிலைக்கு வந்து சேரும்!