நோன்பு காலத்தில் பல்வலி: பொறுமையின் எல்லை எது?

ரமளான் பிறை இருபதைத் தாண்டிவிட்டால் நம்மிடம் வரும் மஸ்அலாக்களில் பல்வலியைப் பற்றி ஒன்றாவது இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி தம் மகனிடம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தார். கடைவாய்ப் பல்லில் மூன்று இரவாகத் தாங்க முடியாத வலி. ஊரில் பல் டாக்டர் இல்லை. பக்கத்து டவுனில் இருப்பவரும் இரண்டு நாள் கழித்தே வருவார். கணவர் வளைகுடாவில். நோன்பை விடலாமா என்று அவர் கேட்கவில்லை. மாத்திரைகூடப் போடாமல் வலியைச் சகித்து நோன்பை நிறைவேற்றினால் கூலி அதிகமா என்றே கேட்டிருந்தார்.

அந்தக் கேள்வியிலிருக்கும் ஈமானை நாம் மதிக்கிறோம். ஆனால் பொறுமை வேறு, சலுகையை உதறித் தள்ளுவது வேறு. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லையென்று அவர்கள் சொல்லிவிட, அவர் குளித்து இறந்துபோனார். செய்தி எட்டியதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கடிந்துகொண்டதோடு, தெரியாதபோது கேட்டறிந்திருக்க வேண்டாமா என்றும் வினவினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்ச்சி அபூதாவூதில் இடம்பெற்றிருக்கிறது. இபாதத்தின் பெயரால் உடம்பை நாசத்திற்கு உள்ளாக்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இது ஒன்றே போதும். வைத்தியம் செய்துகொள்ளும்படி ஏவியவர்களும் அதே நாயகமே.

பல்வலி ஏன் இரவில் மூர்க்கமாகிறது? சொத்தை ஆழமாகி உள்ளிருக்கும் நரம்புச் சதையை எட்டிவிட்டால் அது வீங்குகிறது. சுற்றிலும் கல்போன்ற பல், வீங்க இடமில்லை. படுத்தால் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடி, வலி இன்னும் ஏறுகிறது. எனவே டாக்டர் கிடைக்காத இரவில் முதல் காரியம், இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுப்பது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, வலிக்கும் பக்கம் சற்று நேரம் நிறுத்தி வைத்துத் துப்ப வேண்டும். பல்லிடுக்கில் இறைச்சித் துணுக்கு சிக்கியிருந்தால் நூலால் மெல்ல எடுத்துவிட வேண்டும். குண்டூசியால் குத்தக் கூடாது. வெளிக்கன்னத்தில் ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். கன்னம் வீங்கியிருக்கும்போது சூட்டு ஒத்தடம் வேண்டாம்.

பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ போடலாம். ஒரு வேளைக்கும் மறுவேளைக்கும் ஆறு மணி நேரம் இடைவெளி விட்டால் நல்லது. ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேல் ஆகவே ஆகாது. ஈரல் கோளாறு உள்ளவர்களும் உடம்பு மெலிந்தவர்களும் டாக்டரைக் கேட்டு இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். நோன்பாளிக்கு இந்தக் கணக்கு எளிதுதான்: நோன்பு திறந்து உணவருந்திய பின் ஒரு வேளை, ஸஹர் முடிவதற்குள் இன்னொரு வேளை. இபுபுரூஃபன் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் வெறும் வயிற்றில் கூடாது. குடற்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோரும், கர்ப்பிணிகளும் டாக்டர் சொல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

கிராம்புத் தைலம் நம் வீடுகளில் பழக்கமானது. பஞ்சில் ஒரு சொட்டு நனைத்துச் சொத்தைக் குழியில் மட்டும் வைக்க வேண்டும். ஈறில் வழியவிட்டால் புண்ணாக்கும். சிறு குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்வோரும் உண்டு; அது ஈறை வேகவைப்பதுதான் மிச்சம். புகையிலை அடக்குவதும், மருந்துதானே என்று சாராயத்தை வாயில் வைத்துக்கொள்வதும் நோயைத் தீர்ப்பதில்லை. பின்னது ஹராம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்துப் "பல் பூச்சி" எடுப்பது இன்னும் சில ஊர்களில் நடக்கிறது. பல்லில் பூச்சி கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இனிப்பைப் புளிக்கவைத்து அமிலமாக்குவதாலேயே பல் அரிக்கிறது. பூச்சிக் கதையைப் பிரெஞ்சு வைத்தியர் பியர் ஃபோஷார் 1728-லேயே மறுத்துவிட்டார்.

இனி நோன்பின் சட்டம். நோன்பு வைத்தால் கடும் வேதனை உண்டாகும், அல்லது நோய் முற்றும், குணமாவது தாமதிக்கும் என்று தம் அனுபவத்தாலோ நம்பத்தகுந்த டாக்டரின் சொல்லாலோ அஞ்சினால், நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களாச் செய்யலாம். கப்பாரா இல்லை. நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் எண்ணிக்கையை நிறைவு செய்யும் இச்சலுகையைத் திருமறையின் அல்பகரா அத்தியாயமே தருகிறது. உயிருக்கு ஆபத்து வருமென்று அஞ்சினாலோ, விடுவது கடமையே ஆகிவிடும். லேசான குடைச்சலுக்கெல்லாம் நோன்பை விடுவது கூடாது.

பகலில் உப்புநீர் கொப்பளித்தாலும் கிராம்புத் தைலம் வைத்தாலும் தொண்டைக்குள் இறங்காதவரை நோன்பு முறியாது, விழுங்கினால் முறிந்துவிடும். ஆகவே இவற்றை இரவில் வைத்துக்கொள்வதே பேணுதல். ஒளூவில் வாய் கொப்பளிப்பது ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபுகளிலும் சுன்னத்துதான். குளிர்ந்த நீர் பட்டு உயிர் போகிறதென்றால் வெந்நீரால் கொப்பளிக்கலாம். அதுவும் இயலாவிட்டால் விட்டுவிட்டாலும் ஒளூ கூடிவிடும். கடமையான குளிப்பில் மட்டும் ஹனபிகளுக்கு அது பர்ளு என்பதைக் கவனிக்க வேண்டும்.

மிக முக்கியமானதற்கு வருவோம். தாடைக்குக் கீழும் நாக்குக்கு அடியிலும் வீக்கம், எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, குரல் மாறுதல், வாய் திறக்க முடியாமை, நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மூடும் அளவு வீக்கம், மூச்சுத் திணறல்: இவற்றில் ஒன்று தோன்றினாலும் அது பல்வலி என்ற நிலையைக் கடந்துவிட்டது. சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சுக்குழலை அடைத்துவிடும். ஜெர்மன் வைத்தியர் லுட்விக் 1836-இல் விவரித்த இந்நோய்க்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. பல் டாக்டரை எதிர்பார்க்காமல், விடியட்டும் என்றிராமல், 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இன்னும் விரைய வேண்டும். வயதானவருக்குக் கீழ்த்தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம்.

பெண்கள் தயங்குவது ஆண் டாக்டரிடம் வாயைக் காட்டவே. பெண் டாக்டர் கிடைத்தால் அவரிடமே போக வேண்டும். கிடைக்காதபோது, மஹ்ரமோ நம்பகமான பெண்ணோ உடனிருக்க, தேவையான அளவு ஆண் டாக்டரிடம் காட்டுவது ஆகுமானதே. கணவர் ஊர் வரட்டும் என்று பெண்ணை வலியில் கிடத்தி வைக்கும் மாமியார்களும் மைத்துனர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

நான்காம் நாள் வலி தானே நின்றுவிடுவதும் உண்டு. துஆ கபூலாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். பெரும்பாலும் நரம்பு செத்திருக்கும். சீழ் வேரில் மெல்லக் கூடிக்கொண்டிருக்கும். வலி நின்றாலும் டாக்டரைப் பார்த்தே தீர வேண்டும். பிடுங்கிவிடுங்கள் என்று நாமே சொல்லவும் கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவீ தம் "அத்தஸ்ரீஃப்" நூலில், பல்லைப் பிடுங்க அவசரப்பட வேண்டாமென்றும், வலியின் மயக்கத்தில் நோயாளி நல்ல பல்லையே காட்டிவிடுவாரென்றும் எச்சரித்திருக்கிறார். எந்தப் பல் என்பதை டாக்டர் தட்டிப் பார்த்து முடிவு செய்யட்டும். வேரைச் சுத்தம் செய்து அடைத்தே காப்பாற்ற முடிகிறதா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

பிடுங்கத்தான் வேண்டுமென்றால், பிடுங்குவதாலோ மரத்துப்போக ஊசி போடுவதாலோ நோன்பு முறிவதில்லை என்பதே இக்கால உலமாக்களில் பெரும்பாலோரின் கருத்து. இரத்தத்தை விழுங்கினால்தான் முறிகிறது. பிடுங்கிய இடத்தில் வைத்த பஞ்சை அரைமணி நேரமாவது கடித்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பதால், அவசரமில்லாதவர்களுக்கு மஃரிபுக்குப் பிந்திய நேரமே தோது.